இணையம் பழகுவோருக்கு நூல் தெரிவு செய்தல்: படுவான்கரை வாசிகசாலை ஒன்றின் அனுபவம்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரை என்று நாங்கள் சொல்லும் பகுதியில் உள்ள ஒரு சிறிய வாசிகசாலைக்கு நூல்களைத் தெரிவு செய்யும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருந்துவருகிறது. ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதத்தை ஒட்டிக் கிடைக்கும் சிறுதொகையையும், வெளிநாட்டிலுள்ள ஊரவர்கள் இடையிடையே அனுப்பும் பணத்தையும் சேர்த்துக்கொண்டு நகரத்துக் கடைகளுக்குச் சென்று வருவேன். 2014 இல் வாவியின் குறுக்கே மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதன் பின்னர், முன்பு துறையில் பாதை என்னும் மிதவைப் படகுக்காகக் காத்திருந்த நேரத்தைப் புத்தகக் கடையில் நின்று பக்கம் புரட்டுவதற்குச் செலவிட முடிகிறது. அவ்வாறு புரட்டிப் புரட்டி நான் கற்றுக்கொண்டவற்றுள், இணையத்தைப் புதிதாகப் பழகுவோருக்கான நூல்களைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எங்களிடம் இவ்வகை நூலைக் கேட்டு வருபவர்கள் இளைஞர்கள் அல்லர். கட்டாரிலும் சவூதியிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியை யாரிடம் காட்டுவது என்று தெரியாத விவசாயிகள், பிரதேச செயலகத்தில் ‘அதை ஒன்லைனில் நிரப்புங்கள்’ என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் ஆகியோரே வருகிறார்கள். இவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் கைபேசியை நன்கு கையாளத் தெரிந்த ஒரு பேரப்பிள்ளையாவது இருக்கும். அப்படியிருக்கப் புத்தகம் எதற்கு என்று வாசிகசாலைக் குழுவிலேயே ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. பேரப்பிள்ளை கைபேசியை வாங்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் நான்கு இடங்களில் தொட்டு, வேலையை முடித்துக் கையில் திருப்பித் தந்துவிடும். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று அது சொல்வதில்லை, இரண்டாம் முறை கேட்டால் சலித்துக்கொள்ளும், உயர்தரம் முடிந்ததும் கொழும்புக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போய்விடும். பேரப்பிள்ளையால் செய்ய முடியாத அந்த ஒன்றைத்தான், அதாவது காரணத்தைச் சொல்லி, கேட்டபோதெல்லாம் சலிக்காமல் திரும்பவும் சொல்வதைத்தான், நான் நூலிடம் எதிர்பார்க்கிறேன். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும் நூலை அதன் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இப்போது நான் வாங்குவதில்லை.

கடையில் நூலை எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது அது எந்தக் கருவிக்காக எழுதப்பட்டது என்பதையே. தமிழில் கிடைக்கும் தொடக்க நூல்களுள் கணிசமானவை மேசைக் கணினியை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. மவுஸைப் பிடிக்கும் விதம், கோப்புறை உருவாக்கும் விதம், மோடத்தைத் தொலைபேசிக் கம்பியில் இணைக்கும் விதம் என்று அவை தொடங்கும். எங்கள் வாசகர்களுள் பெரும்பாலானோர் கையில் இருப்பது ஓர் அன்ட்ரொய்ட் கைபேசி; மவுஸை அவர்கள் தொட்டதும் இல்லை, தொடவேண்டிய தேவையும் இல்லை. ஆகவே மேசைக் கணினி நூல் என்றால், அது எவ்வளவு நல்ல நூலாயினும், தட்டச்சு வேலைக்கோ கணக்கு வேலைக்கோ ஆயத்தமாகும் இளையவருக்கு என்று தனியே ஒதுக்கிவிடுகிறேன். வாவியைக் கடக்க வந்தவருக்குத் தோணி செய்யும் மரத்தைப் பற்றிப் பாடம் எடுப்பதால் யாதொரு பயனும் இல்லை. 1969 இல் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் தொடங்கியதும், 1989 இல் டிம் பேர்னர்ஸ்-லீ உலகளாவிய வலைக்கான முன்மொழிவை எழுதியதும் அறியத்தக்க செய்திகளே; ஆயினும் மகனுடன் முகம் பார்த்துப் பேச விரும்பி வந்த தாயை முதல் முப்பது பக்கங்களுக்கு இவற்றோடு இருத்திவைக்கும் நூலாசிரியர், தம் வாசகர் யார் என்று எண்ணிப் பார்க்கவில்லை என்றே கொள்கிறேன்.

அடுத்து, தலைப்புப் பக்கத்தின் மறுபுறத்தைப் பார்க்கவேண்டும். அங்கே முதற்பதிப்பின் ஆண்டும் மறுபதிப்பின் ஆண்டும் தனித்தனியே இருக்கும். அட்டையிலும் கடைக்காரரின் வாயிலும் வருவது மறுபதிப்பின் ஆண்டு. நமக்கு வேண்டியது உள்ளடக்கம் எழுதப்பட்ட ஆண்டு. மறுபதிப்பு என்பது பெரும்பாலும் பழைய அச்சையே மீண்டும் எடுப்பது. ‘திருத்திய பதிப்பு’ என்று இருந்தால் மட்டுமே யாரோ ஒருவர் உள்ளே கைவைத்திருக்கிறார் என்று நம்பலாம். ஆண்டே அச்சிடப்படாத நூல்களும் உண்டு. அவற்றின் வயதைக் கணிக்க எளிய வழி, அவை எவற்றைப் பற்றிப் பேசுகின்றன என்று பொருளடக்கத்தில் தேடுவதாகும். விண்டோஸ் எக்ஸ்பிக்கான மைக்ரோசொப்ட்டின் ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. ஓர்க்குட் என்ற சமூக வலைத்தளம் அதே ஆண்டு செப்டெம்பரில் மூடப்பட்டது. யாகூ மெசெஞ்சர் 2018 ஜூலையிலும், பிளாஷ் 2020 இறுதியிலும், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூனிலும், ஸ்கைப் 2025 மே மாதத்திலும் விடைபெற்றன. இவற்றில் ஒன்றுக்கு முழு அத்தியாயமே ஒதுக்கியிருக்கும் நூல், அந்தத் திகதிக்கு முன்னர் எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை. நூலகங்களில் பழைய நூல்களை நீக்கும் கழிப்பு விதிகளை வகுத்தவர்கள் கணினி நூலுக்கு மூன்று ஆண்டே ஆயுள் என்று சொல்வதுண்டு. எங்களைப் போன்ற இடத்துக்கு அது மிகவும் கடுமையான கணக்கு. பணமில்லை என்பதால் ஐந்து, ஆறு ஆண்டு நூல்களையும் வைத்திருக்கிறோம். ஆனால் பத்தாண்டைத் தாண்டியதை அலுமாரியில் வைத்திருப்பது வாசகருக்குச் செய்யும் அநீதி.

அந்த அநீதி எத்தகையது என்பதை ஒரு மாமி எனக்குக் காட்டினார். நூலையும் கைபேசியையும் அருகருகே வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தவர், என்னைக் கூப்பிட்டு, “மனே, இந்தப் புத்தகத்தில இரிக்கிற படமும் என்ட போன்ல இரிக்கிறதும் ஒண்டா இல்லியே, நான் எங்கயோ பிழையா அமத்திப் போட்டனோ?” என்று கேட்டார். “பிழை உங்களில இல்ல மாமி, புத்தகம் பழசு” என்று சொன்னபோதும் அவர் முழுமையாக நம்பவில்லை. அச்சில் இருப்பது பிழைக்காது என்று வளர்ந்தவர்கள் அவர்கள். புத்தகத்துக்கும் தமக்கும் இடையில் முரண் வந்தால் தம்மையே நோவார்கள், சில வேளை அதோடு விட்டும்விடுவார்கள். எனவே திரைப்படிமங்கள், அதாவது கருவியின் திரையை அப்படியே எடுத்த படங்கள், நிறைந்த நூல் தொடக்கநிலையாளருக்கு எளிது என்ற பரவலான எண்ணத்தை நான் ஏற்பதில்லை. படங்கள் குறைவாகவும், ஒவ்வொரு படத்தின் கீழும் ‘உங்கள் கைபேசியில் இது வேறு இடத்தில் இருக்கலாம், இந்தக் குறியைத் தேடுங்கள்’ என்ற வகையில் ஒரு வழிகாட்டலும் இருக்கும் நூலே நின்று பயன்படும். கறுப்பு வெள்ளையில் அச்சிட்ட படங்களில் இன்னொரு இடர் உண்டு: ‘நீல நிறத்தில் இருப்பதைத் தொடுங்கள்’ என்று எழுதியிருக்கும், படத்திலோ யாவும் சாம்பல் நிறமாக இருக்கும்.

நகரத்துக் கடைகளில் உள்ள தமிழ்க் கணினி நூல்களுள் பெரும்பான்மை சென்னையில் அச்சானவை. இது குறையன்று, அங்கே எழுதுவோர் அதிகம், நூல்களும் அதிகம். ஆயினும் வாங்குமுன் அறிந்துகொள்வது நல்லது. பின்னட்டையில் உள்ள சர்வதேச நியம நூல் எண் 978 க்குப் பின் 81 அல்லது 93 என்று தொடர்ந்தால் அது இந்தியப் பதிப்பு, 955 அல்லது 624 என்று தொடர்ந்தால் இலங்கைப் பதிப்பு. இந்தியப் பதிப்பில் மின்னஞ்சல், தேடல், வட்ஸ்அப் ஆகியவை பற்றிய பகுதிகள் நமக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் அரச சேவைகளும் பணமும் பற்றிய பகுதிகள் பொருந்தா. ஆதார் எண், பான் அட்டை, யுபிஐ, ரயில் முன்பதிவு என்று அவை செல்லும். படுவான்கரையில் ஒருவருக்குத் தேவைப்படுவது, பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் பெறுபேறு பார்ப்பது, வாகன வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பது, லங்காகியூஆர் என்ற கியூஆர் குறி முறை மூலம் கடையில் பணம் செலுத்துவது, கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிப்பது போன்றவை. கடவுச்சீட்டுக்கு இணையத்தில் விண்ணப்பித்து, பிரதேச செயலகத்தில் விரலடையாளம் கொடுக்கும் முறை 2023 ஜூனில்தான் தொடங்கியது. ஆகையால் இலங்கை நூலாயினும் அதற்கு முந்தியதாக இருந்தால் அது அங்கே இராது. எனவே ஒரு நூலில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இந்தியச் சேவைகள் இருக்குமாயின், இந்திய விலையை மூன்று மடங்குக்கு மேற்பெருக்கி நாம் கொடுக்கும் பணத்துக்கு அது ஈடாகாது என்று வைத்துவிடுகிறேன்.

தமிழில் எழுதுவது பற்றிய அத்தியாயம் இருந்தால் அதையும் நிதானமாகப் பார்க்கவேண்டும். எங்கள் பகுதியில் தட்டச்சு நிலையங்கள் நீண்ட காலமாகப் பாமினி எழுத்துருவிலேயே இயங்கியமையால், பாமினி விசைப்பலகை வரைபடத்தை மட்டும் தரும் நூல்கள் இன்னமும் கைமாறுகின்றன. பாமினி என்பது ஆங்கில எழுத்துக்களின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் திறந்தால் ‘அம்மா’ என்பதில் உள்ள புள்ளி அரைப்புள்ளியாகவும் மற்றவை ஆங்கில எழுத்துக்களாகவும் சிதறித் தெரியும். தேடுபொறியிலும் வட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் தமிழ் தமிழாகவே செல்வது யூனிகோட் எனப்படும் ஒருங்குறியால்தான். 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. கைபேசிக்கு வந்தவருக்கு விசைப்பலகைச் செயலி ஒன்றில் தமிழைச் சேர்க்கும் விதமும், ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுத் தமிழில் பேசி எழுதும் விதமும் போதும். கூகுள் 2017 இல் பேச்சு உள்ளீட்டில் தமிழைச் சேர்த்தது. அதைப் பற்றிப் பேசும் ஒரு பக்கம், கண்பார்வை குறைந்த வாசகருக்கு விசைப்பலகை வரைபடங்கள் பத்தைக் காட்டிலும் பயன்மிக்கது. எங்கள் மட்டக்களப்புப் பேச்சை அது சில வேளை விநோதமாக எழுதிவைக்கும் என்பது வேறு விடயம். அதை வாசித்துச் சிரித்துத் திருத்திக்கொள்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது பாதுகாப்பு பற்றிய அத்தியாயம். கடையில் நேரம் குறைவாக இருந்தால் நான் அதை மட்டுமே வாசித்து நூலை எடை போடுவேன், ஏனெனில் நூலாசிரியர் தாமே விளங்கி எழுதினாரா, எங்கிருந்தோ எடுத்து எழுதினாரா என்பது அங்கேதான் வெளிப்படும். முதலில், முகவரிக்கு அருகே உள்ள பூட்டுக் குறியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறேன். ‘பூட்டு இருந்தால் அந்தத் தளம் நம்பகமானது’ என்று எழுதியிருந்தால் நூலை மூடிவிடலாம். அந்தப் பூட்டு சொல்வது, நமது கருவிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே செல்லும் தகவலை வழியில் யாரும் வாசிக்க முடியாது என்பதை மட்டுமே. அந்தத் தளத்தை நடத்துபவர் நேர்மையானவரா என்பதைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. மோசடிக்காரரும் இலவசமாகவே அந்தப் பூட்டுக்குரிய சான்றிதழைப் பெற முடியும், பெறுகிறார்கள். பூட்டைப் பார்த்து மக்கள் தவறாக நம்புகிறார்கள் என்பதனாலேயே குரோம் உலாவி 2023 செப்டெம்பரில் அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறு குறியை வைத்தது. ஆகவே இன்று வாங்கும் நூல், பூட்டைத் தேடச் சொல்லாமல், முகவரியின் எழுத்துக்களை வாசிக்கப் பழக்கவேண்டும்: எந்தப் பெயர் எல்கே (.lk) என்ற இலங்கை முடிவுக்கு உடனடியாக முன்னால் நிற்கிறது, வங்கியின் பெயர் நடுவில் செருகப்பட்டு முடிவு வேறொன்றாக இருக்கிறதா என்று.

இரண்டாவதாகக் கடவுச்சொல். முப்பது நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள், பெரிய எழுத்தும் இலக்கமும் விசேட குறியும் கட்டாயம் கலந்து வையுங்கள் என்பது பழைய போதனை. அமெரிக்காவின் தேசிய நியமங்கள் மற்றும் தொழில்நுட்ப நிறுவகம் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டலில், கடவுச்சொல் கசிந்ததற்கான அறிகுறி இல்லாதபோது கால இடைவெளி வைத்து மாற்றும்படி கட்டாயப்படுத்துவதை விடுமாறும், சிக்கலைக் காட்டிலும் நீளத்துக்கு முதன்மை கொடுக்குமாறும் கூறியது. இதன் காரணம் எங்கள் வாசகர்களைக் கண்டால் எவருக்கும் விளங்கும்: அடிக்கடி மாற்றச் சொன்னால் அவர்கள் இறுதியில் ஓர் இலக்கத்தைக் கூட்டி மாற்றுவார்கள், அல்லது கைபேசி உறையின் உள்ளே எழுதி ஒட்டிவைப்பார்கள். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வைக்கச் சொல்லும் நூலையும், ஒரே சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்தக்கூடாது என்பதற்குக் காரணம் கூறும் நூலையும் நான் விரும்பி வாங்குகிறேன்.

மூன்றாவது, ஓடிபி எனப்படும் ஒருமுறை இலக்கம். ‘யாருக்கும் சொல்லாதீர்கள்’ என்ற ஒற்றை வரி போதாது. அந்த இலக்கம் உண்மையில் கணக்கின் கதவைத் திறப்பது என்பதையும், அதைக் கேட்பவர் ‘வங்கியிலிருந்து பேசுகிறோம்’ என்று சொன்னாலும், ‘தவறுதலாக உங்கள் போனுக்கு வந்துவிட்டது, அனுப்பிவிடுங்கள்’ என்று தெரிந்தவரின் வட்ஸ்அப்பிலிருந்து எழுதினாலும், அவருக்கு அது வேண்டியிருப்பது நம் கதவைத் திறப்பதற்கே என்பதையும் ஒரு உரையாடலாகவோ கதையாகவோ விளக்கும் நூல்தான் மனத்தில் நிற்கும். கூடவே, ஏமாந்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்றும் இருக்கவேண்டும். இந்திய நூலில் இணைய மோசடியை முறையிடுவதற்கான 1930 என்ற இலக்கம் இருக்கும். அது இங்கே உதவாது. இலங்கையில் 2006 முதல் இயங்கிவரும், இணையப் பாதுகாப்புக்கான அமைப்பாகிய ஸ்ரீ லங்கா சேர்ட் பற்றியும், 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வரியாவது உள்ள நூலைக் கண்டால் விலையைப் பார்க்காமல் எடுப்பேன். வெளிநாட்டு வேலைவாய்ப்பு என்று பேஸ்புக்கில் வரும் விளம்பரங்களைப் பற்றியும் எங்கள் பகுதிக்கு எழுதப்பட வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து முகவர் நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று கேட்பது, இணையத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத தெளிவை ஓர் அழைப்பில் தரும்.

டேட்டா எப்படித் தீர்கிறது என்பதை விளக்கும் பகுதி பல நூல்களில் இல்லவே இல்லை, அல்லது வரம்பற்ற இணைப்பு உள்ளவருக்கு எழுதியது போல இரண்டு வரியில் முடிந்துவிடும். சிறுதொகைக்கு ரீலோட் போட்டு வாழ்பவருக்கு இது முதற் பாடம். வட்ஸ்அப்பில் படங்களும் வீடியோக்களும் தாமாகவே இறங்குவதை நிறுத்தும் அமைப்பு ஒன்று இருக்கிறது என்று அறிந்த நாளில் ஒரு பெரியவர் அடைந்த மகிழ்ச்சியை எந்த நூலாசிரியராவது கண்டிருந்தால், அதை முதல் அத்தியாயத்திலேயே வைத்திருப்பார்.

நூலின் உடல் அமைப்பும் பொருட்படுத்தத் தக்கதே. எழுத்தின் அளவு சிறிதாக இருந்தால் மூக்குக் கண்ணாடியுடன் கூட இரவு விளக்கில் வாசிக்க முடியாது. ஒரு கையில் கைபேசியை வைத்திருப்பவரால் மறு கையால் நூலை விரித்துப் பிடித்துக்கொண்டிருக்க இயலாது என்பதால், மேசையில் வைத்தால் தானே விரிந்து கிடக்கும் கட்டு வேண்டும். பசையால் மட்டும் ஒட்டிய கனத்த நூல்கள் இதற்கு உதவுவதில்லை, அதுவும் மாரிமழை ஈரத்தில் அந்தப் பசை விட்டுப் பக்கங்கள் தனித்தனியே கழன்றுவிடும். பின்பக்கத்தில் சொல்லடைவு இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். தமிழ்க் கணினி நூல்களில் இது அருமை. இருக்குமாயின் அந்நூல் அக்கறையோடு ஆக்கப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

காசு கொடுத்து வாங்காமலும் சில வழிகள் உண்டு. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தரம் 10, 11 க்கான தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடநூல்கள் தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன. எண் முறைமைகளும் தருக்கப் படலைகளும் சூழ்ந்து நிற்பதால் முழு நூலையும் தொடக்கநிலையாளரிடம் கொடுப்பது பொருந்தாது. இணையமும் மின்னஞ்சலும் பற்றிய பாடத்தை மட்டும் அச்சிட்டுத் தைத்து வைத்திருக்கிறோம், அது ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மின்னூல்களும் இணையத்தில் உள்ளன, ஆனால் இணையத்துக்குச் செல்லத் தெரியாதவருக்கு அவற்றைப் பரிந்துரைப்பதில் அர்த்தமில்லை. யூடியூப் காணொளிகள் நல்லவைதான். அவை டேட்டாவைத் தின்கின்றன, மேலும் பார்க்கும் கைபேசியிலேயே செய்து பழகவும் வேண்டியிருப்பதால் இரண்டையும் மாறிமாறித் திறந்து வாசகர் குழம்பிவிடுகிறார்.

இப்போது எங்கள் நடைமுறை இது. கடையில் இந்தச் சோதனைகளைக் கடந்த நூலில் ஒரு பிரதி மட்டுமே முதலில் வாங்குவோம். அதை ஒரு வாசகரிடம் கொடுத்து, அவர் வாசிகசாலையிலேயே கைபேசியோடு இருந்து பழகும்போது, உதவிக்குப் போகாமல் அவர் எங்கே நின்றுவிடுகிறார் என்று பார்ப்போம். நின்ற இடங்களில் பென்சிலால் குறியிடும்படி கேட்டுக்கொள்வோம். குறிகள் ஒரு சில அத்தியாயங்களில் மட்டும் இருந்தால் மேலும் பிரதிகள் வாங்குவோம்; எல்லா இடத்திலும் இருந்தால் அந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்வோம். நூலகங்களில் நூல்களை வகைப்படுத்தும் தூயி முறைப்படி இவை 004.678 என்ற எண்ணின் கீழ் நிற்க வேண்டியவை. அந்த எண்ணைத் தேடி எவரும் வரமாட்டார் என்பதால் பத்திரிகை மேசைக்கு அருகே தனித் தட்டில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு நூலின் முன்னட்டை உட்புறத்திலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: எந்தப் பக்கங்கள் காலங்கடந்தவை, எந்த இந்தியச் சேவைக்கு இங்கே ஈடானது எது, அரச தகவல் நிலையத்தின் 1919 உட்பட உதவிக்கு அழைக்க வேண்டிய இலக்கங்கள் எவை என்பன அதில் கையால் எழுதப்பட்டிருக்கும். தாளின் அடியில் சரிபார்த்த மாதத்தையும் ஆண்டையும் குறிக்கிறோம். அது ஓராண்டைத் தாண்டினால் நூல் தட்டிலிருந்து இறக்கப்பட்டு, உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் தம் கைபேசியோடு அமர்ந்து பக்கம் பக்கமாக அதை மீண்டும் சரிபார்க்கிறார்.